மில்லின் இலவச ஊசி

மார்கழி ஒன்பது, காலை ஏழு மணி, மூடுபனி. இடது கண்ணில் புரை எடுக்க, ஸ்ரீவில்லிபுத்தூரில் மில்காரர்கள் நடத்தும் இலவச முகாமில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் பிரித்த காஸ் துணியின் வாசனை, இராஜபாளையத்தில் அதே மில் நடத்தி, எப்போதோ இடித்துவிட்ட மருந்தகத்துக்கு என்னைக் கொண்டுபோனது. சுவருக்கு அப்பால் தறிகள் அதிர, கொதிநீரில் ஊசிகள் கிணுகிணுக்க, கோடைதோறும் காலரா ஊசிக்குத் தொழிலாளர் பிள்ளைகள் வரிசையில் நடுங்கி நிற்போம்.

"அழுதா ரெண்டு ஊசி போடுவேன்லே" என்பார் கம்பவுண்டர்.

அங்கே பேண்டேஜ் சுற்றும் வேலையிலிருந்த அம்மா என் மணிக்கட்டை விடமாட்டாள். "காசில்லாம சும்மா போடுதாக. ஓடிப்போனா மொதலாளி என்ன நெனப்பாக?"

"அடுத்து நீங்க, தாத்தா. கண்ணுக்குப் பக்கத்துல ஒரே ஒரு ஊசிதான்" என்றாள் நர்ஸ்.

இன்று மணிக்கட்டைப் பிடிக்க ஆளில்லை. எழுந்த கால்கள் வாசலுக்கு நடந்தன. கண் அப்படியே மங்கலாக இருக்கிறது. இலவச முகாமில் எனக்கான செலவு, வீடு திரும்ப ஆட்டோவுக்கு நூற்றெண்பது ரூபாய்.