ஜும்ஆ நேரத்தில் பூட்டிக்கொண்ட சேர்வர்

சேர்வர் அறைக்குள் நின்ற என்னாலேயே சேர்வரைத் திறக்க முடியவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள். எனக்கு அன்று சிரிப்பு வரவில்லை.

காத்தான்குடியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் வெர்ச்சுவல் சேர்வர்களையெல்லாம் மேய்க்கும் மேனேஜ்மென்ட் சேர்வரைப் சேர்வர்களுக்கிடையிலான தொடர்புகளை ஆளும் புதிய நெட்வேர்க் வெர்ச்சுவலைசேஷன் பிளாட்போமுடன் இணைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு ஊரே பள்ளிவாசலில் இருக்கும், சிஸ்டத்தில் யாரும் கைவைக்கமாட்டார்கள் என்று கொழும்பிலிருந்த எங்கள் கம்பனி மேனேஜர் அந்த நேரத்தைக் குறித்தார். ஆஸ்பத்திரியின் ஐடி பொறுப்பாளர் நிசார், மேனேஜர் கொழும்பிலிருந்து ரிமோட்டில் பயன்படுத்திய ஆஸ்பத்திரி மெஷினில் பிளாட்போமுக்கு லொகின் செய்து கொடுத்துவிட்டுத் தொழுகைக்குப் போனார். அட்மின் பாஸ்வேர்ட் அவருக்கு மட்டுமே தெரியும்.

இணைப்பு ஒழுங்காக முடிந்தது. பிளாட்போம் சேர்வரின் அடையாளச் சேர்டிபிகேட்டை ஏற்றுக்கொண்டது, பச்சை நிறம் காட்டியது. அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக, மேனேஜர் அந்தப் பிளாட்போமில் இருந்த ஃபயர்வோலின் டீஃபோல்ட் ரூலை 'ட்ரொப்' ஆக்கப் போனார். அதைப் போட்டால், தனியாக அனுமதி எழுதாத எல்லாத் தொடர்பும் அறுந்துவிடும்.

போனில் சொன்னேன்: "சேர், மேனேஜ்மென்ட் சேர்வரை முதல்ல விலக்கு லிஸ்ட்ல போடுவம். இல்லாட்டி அதையும் சேர்த்துப் பூட்டிரும்."

"ஐசே, உங்களுக்கு எல்லாத்துக்கும் பயம். அனுமதி ரூல் எல்லாம் எழுதியாச்சு."

எழுதியிருந்தது சேர்வர்களின் பழைய முகவரிகளுக்கு. அவர் அழுத்தியதும் மேனேஜ்மென்ட் சேர்வர் போனது, லேப் சேர்வர் போனது, அவருடைய ரிமோட் மெஷினும் போனது. பிளாட்போம் மட்டும் உயிரோடிருந்து என் லெப்டொப்பில் பாஸ்வேர்ட் கேட்டது. நிசாரின் போன் ஓஃப்.

டியூட்டி டொக்டர் கதவுக்கு வந்தார். பின்னால் கதிரவெளியிலிருந்து வந்த ஒரு தாய். மகளுக்கு டெங்கு. காலையில் பார்த்த பிளேட்லெட் அளவு லேப் சேர்வருக்குள் கிடந்தது. குறைந்திருந்தால் பிள்ளையை உடனே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். திரும்பப் பார்க்க லேப்காரரும் இல்லை, அவரும் ஜும்ஆவில்.

"எண்ட புள்ளட றிப்போட் ஒங்கட பெட்டிக்குள்ளயாம். எடுத்துத் தாங்க ஐயா."

பள்ளிவாசலுக்கு ஓடினேன். குத்பா பிரசங்கம் நடந்துகொண்டிருந்தது. வாசலில் வாகனங்களைப் பார்த்து நின்றவரிடம் மெல்லச் சொன்னேன்.

"உசிர் விசயமெண்டா கூப்பிடலாம் தம்பி. இந்தச் சனத்துக்குள்ள எந்த நிசாரெண்டு தேடுற?"

செருப்புகளுக்குப் பக்கத்தில் வெயிலில் நின்றேன். இத்தனை வருட வேலையில் அவ்வளவு அலுப்பு எனக்கு வந்ததில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. அந்தத் தாயின் முகம் மட்டும் போகவில்லை.

தொழுகை முடிந்து வெளியே வந்த நிசார் என்னைக் கண்டதும் கேட்டார்: "என்ன சேர், முடிஞ்சிதா?"

"பூட்டிட்டாங்க நிசார். நீங்க வந்தாத்தான் திறக்கலாம். ஒரு பிள்ளையின்ட றிப்போட் உள்ள மாட்டிக்கிடக்கு."

அவர் செருப்பைத் தேடவில்லை. சுடுமணலில் வெறுங்காலோடு ஓடினார். பாஸ்வேர்ட் அடித்தார், நான் ரூலைப் பழையபடி ஆக்கினேன், எல்லாம் எழும்பியது. பிளேட்லெட் வெகுவாக இறங்கியிருந்தது. அம்புலன்ஸ் உடனே புறப்பட்டது. பிள்ளை தேறிவிட்டாள் என்று பிறகு நிசார் சொன்னபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. மேனேஜரின் அறிக்கையில் அது 'சிறு தடங்கல்'.

அடுத்த வேலை செங்கலடியில். மேனேஜர் எனக்குப் போன் எடுத்தார்.

"அங்க ஆள் குறைஞ்ச நேரம் எப்பெண்டு விசாரிச்சு வையுங்க."

"பாஸ்வேர்ட் தெரிஞ்ச ஆள் நிக்கிற நேரத்தை விசாரிக்கிறன் சேர்," என்றேன். "அப்பத்தான் கைவைப்பன்."