பதினேழாம் எண், மூன்றாம் அறை

அலுவலகத்தில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். மோட்டார் கம்பெனியின் புகார்ப் பிரிவில் தொலைபேசியை எடுத்து "வணக்கம், சொல்லுங்க" என்றால் போதும். மோட்டார் புகைந்துபோன ஆத்திரத்தில் வாயில் வந்ததைத் திட்ட வந்தவனும் பாதியில் குரலைத் தணித்துக்கொள்வான். பதினோரு வருட வேலை. அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது கம்பெனிக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. வேலை போனால் முப்பது நாளில் வீட்டையும் காலி செய்ய வேண்டும். வெளியே வேறு வேலை பார்க்கக் கூடாது என்ற விதிக்குக் கீழே அவளே கையெழுத்துப் போட்டிருந்தாள்.

கணவனின் தையல் கடை படுத்துவிட்டது. மகள் அப்போதுதான் நர்ஸிங் சேர்ந்திருந்தாள். ஒரு சம்பளத்தை எந்தப் பக்கம் இழுத்தாலும் மறுபக்கம் எட்டவில்லை. அந்த நேரம் பார்த்து, மருத்துவமனைகளுக்கு டோக்கன் கூப்பிடும் இயந்திரம் செய்கிறவர் ஒருவர், மோட்டார் புகாருக்காகப் பேச வந்து, அவள் குரலிலேயே நின்றுவிட்டார். "ஒண்ணுலேர்ந்து இருநூறு வரைக்கும் எண்ணிப் பதிவு பண்ணிக் குடுங்க மேடம், அது போதும், பணம் தர்றேன்" என்றார். எண்ணத் தெரியாதவர் யார்? எண்ணுவதற்குச் சத்தமில்லாத நேரம்தான் இல்லை.

விடிந்தால் குக்கர் கத்தும். சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கத்து டிவி இந்தப் பக்கமே உட்கார்ந்திருப்பதுபோல் பேசும். மிச்சம் இருந்தது சாப்பாட்டு இடைவேளை நாற்பது நிமிடம். அதில் ஏழு நிமிடத்தில் அள்ளிப் போட்டுக்கொண்டு, மாடியில் பழைய கோப்புகள் கிடக்கும் அறைக்குள் நுழைந்துவிடுவாள். கூரை வரை அடுக்கிய காகிதக் கட்டுகள் எதிரொலியை விழுங்கிவிடும். சால்வையைத் தலையோடு போர்த்தி, பதிவு ஓடும் போனை வாயருகே வைத்து, "எண் பதினேழு, மூன்றாம் அறைக்கு வரவும்" என்பாள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு எண். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் மூச்சு நின்றுவிடும், அந்த எண்ணை மறுபடி சொல்ல வேண்டும். நாற்பத்தெட்டை மட்டும் ஒன்பது தடவை சொன்னாள்.

எல்லாம் முடிந்து மூன்று மாதம் நிம்மதியாகத்தான் போயிற்று. ஒரு நாள் மேலாளர் மருத்துவமனையில் சர்க்கரைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார்.

"ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டாங்கப்பா. அங்க ஒரு மெஷின் நம்பர் கூப்பிடுது, அச்சு அசல் நம்ம ரேடியோ குரல்."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது குளத்தோடு நிறுத்திக்கொண்டது, இவள் ஊரெல்லாம் ஒலிபெருக்கி மாட்டி வைத்திருந்தாள்.

மறுநாளிலிருந்து அவளுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. கட்டிக்கொண்டது என்ன, அவளே கட்டிக்கொண்டாள். கரகரவென்று, பாதி காற்றும் பாதி சொல்லுமாகப் பேசினாள். மேலாளர் போனைப் பக்கத்து மேசைக்கு மாற்றி, அவளைக் கடிதங்களுக்குப் பதில் எழுதச் சொன்னார். வீட்டிலும் அதே கரகரப்புதான்.

"இங்க யாரு இருக்கா? ஒழுங்காப் பேசேன்" என்றான் கணவன்.

"இங்க நல்லாப் பேசிப் பழகிட்டு, அங்க போய் வாய் தவறிட்டா?"

அவனுக்கும் பயம் தொற்றிக்கொண்டது. மகள் படிக்கும் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தான்.

மேலாளர் கெட்டவராக இருந்திருந்தால் பிழைத்திருப்பாள். நல்ல மனிதர், அதுதான் வினை. இருபதாம் நாள் எதிரில் வந்து நின்றார். "வாங்க, டாக்டர்கிட்ட காட்டிடலாம். எனக்கும் ரத்தம் குடுக்கணும்." வேண்டாம் என்பதற்கு எவ்வளவு காரணம்தான் சொல்ல முடியும்?

அதே மருத்துவமனை. கூடத்தில் ஐம்பது பேர் இருந்தார்கள். தலைக்கு மேலே அவள் குரலே ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. குனிந்து தரையைப் பார்த்தபடி இருந்தாள். ஒவ்வொரு எண்ணுக்கும் மேலாளர் தன் பக்கம் திரும்புகிறாரோ என்று ஓரக்கண்ணால் கவனித்தாள்.

"எண் பதினேழு, மூன்றாம் அறைக்கு வரவும்."

"உங்களைத்தான் கூப்பிடறாங்க" என்றார் மேலாளர்.

டாக்டரம்மா டார்ச் அடித்துப் பார்த்தார். ஆ சொல்லச் சொன்னார். "தொண்டையில ஒரு குறையும் இல்லையே" என்று சொல்லி, சொன்னதையே சீட்டில் எழுதினார்.

"ஒரு வாரம் ரெஸ்ட்டுன்னு எழுதிக் குடுங்கம்மா" என்று கெஞ்சினாள்.

"இல்லாத நோய்க்கு நான் என்னன்னு எழுதறது?"

வெளியே வந்ததும் மேலாளர் சீட்டை வாங்கிப் படித்தார். இன்னொரு முறை படித்தார். முகம் மாறிவிட்டது.

"அப்ப இருபது நாளா நடிப்பா?"

அவள் சீட்டுக்குக் கை நீட்டினாள், அவர் கொடுக்கவில்லை.

"உங்களுக்காக எத்தனை பேர்கிட்ட சமாதானம் சொல்லியிருக்கேன் தெரியுமா? இதை மேல அனுப்பாம இருக்க முடியாதும்மா. போன் எடுக்காம ஏமாத்தினாங்கன்னுதான் எடுத்துப்பாங்க. வேலை நிக்கறது கஷ்டம்."

சீட்டை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். அவளுக்குக் கண் முன்னே வீடு தெரிந்தது. இரண்டு அறை, மகளின் புத்தகங்கள், முப்பது நாள். கூப்பிடப் பார்த்தாள், கரகரப்பான குரலில் காற்றுதான் வந்தது. அவர் கதவில் கை வைத்துவிட்டார். பயத்தில் எல்லாக் கட்டும் அவிழ்ந்துபோனது.

"சார், கொஞ்சம் நில்லுங்க."

மணி அடித்ததுபோல் கணீரென்று வந்தது.

கூடத்தில் ஐம்பது பேரும் தலை நிமிர்ந்தார்கள். நிமிர்ந்த கையோடு, அவரவர் டோக்கன் சீட்டைப் பார்த்தார்கள். முன்வரிசைப் பெரியவர் ஒருவர் பாதி எழுந்து, "எந்த நம்பர் கூப்பிட்டாங்க?" என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார்.

மேலாளர் திரும்பினார். பெரியவரைப் பார்த்தார், சுவரில் இருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார்.