லைனை அறுத்த ஒற்றைச் சுருதி

எண்பதுகளின் கடைசியில் ஜார்ஜ்டவுனில் ஒரு செம்பனைக் கம்பெனியின் தலைமை அலுவலகத்தில் கணினி என் பொறுப்பு. அதே கம்பெனியின் நிபோங் திபால் ஆலையில் என் மனைவி கணக்கு எழுதினாள். ஆலைக் கணக்கு இனி, கணினியைத் தொலைபேசி லைனோடு இணைக்கும் மோடம் வழியாக வரவேண்டும் என்றார் மேலாளர். மாதக் கடைசிக்குள் வராவிட்டால் அந்த வேலையே தலைமை அலுவலகத்துக்குப் போய்விடும். அவளுக்கு வேலை இருக்காது.

அவள் ஆலையிலிருந்து அழைப்பாள். என் மோடம் எடுக்கும், கீச்சிடும், பிறகு ஒரே சுருதியில் நீளமாகக் கத்தும். அந்த இடத்தில் லைன் அறுந்துவிடும், எப்போதும் அதே இடத்தில். ஜார்ஜ்டவுனுக்குள்ளிருந்து யார் அழைத்தாலும் மணியாக வேலை செய்தது. ஆகவே என் பக்கம் கோளாறே இல்லை என்று அடித்துச் சொன்னேன். சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டில் சோற்றுத்தட்டின் முன்னாலும் இதே சண்டைதான்.

விடாக்கண்டி அவள். ஆலைக்குப் போன் பழுதுபார்க்க வந்தவரை மடக்கிப் பிடித்துக் கேட்டிருக்கிறாள். ஒரு நாள் மாலை வந்ததும் வராததுமாக ஆரம்பித்தாள்.

"நாம போனை வெச்சதும் எக்ஸ்சேஞ்சு, வெளியூர் கால் போற ட்ரங்க் லைன்ல ஒரு விசில் அனுப்புமாம். முடிஞ்சிருச்சுன்னு அடுத்த எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்ற விசில். மோடம் கத்துறது கிட்டத்தட்ட அதே சுருதிலா! எக்ஸ்சேஞ்சு ஏமாந்து கட் பண்ணிடுது."

"அப்ப நாம பேசும்போது ஏன் கட்டாகல?"

"மனுஷன் குரல்ல பல சுருதி கலந்திருக்கு. தனியா ஒண்ணே ஒண்ணு கேட்டாத்தான் அது நம்புமாம். கத்துற சுருதியோட இன்னொரு சுருதியைச் சேர்த்து அனுப்ப மோடத்துல வழி இருக்கு. என் மோடத்துல மாத்திப் பாத்தேன், ஒண்ணும் ஆகல."

"பாத்தியா! என் பக்கம்..."

"அந்தச் சத்தம் போடுறது போனை எடுக்குற மோடம். உங்களோடது. மாத்த வேண்டியது அங்கதான்."

கணினி படித்தவன் நான். சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யோசித்தவள் அவள். என்ன மூளை என்று இன்றும் வியக்கிறேன். அன்று மட்டும் முறைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

மறுநாள் காலை ஒரு வரிக் கட்டளையைத் தட்டி அந்த இரண்டாவது சுருதியைச் சேர்த்தேன். அவள் அழைத்தாள். மோடம் கத்தியது. வழக்கமாக அறுகிற இடத்தைத் தாண்டியது. பச்சைத் திரையில் ஆலைக் கணக்கு வரிசை வரிசையாக இறங்கியது. மேலாளரை இழுத்து வந்து காட்டினேன். அவர் தலையாட்டிவிட்டு, "கணக்கு அங்கேயே இருக்கட்டும்" என்றார்.

உடனே அவளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். இத்தனை நாளும் என்னை வாயால் வறுத்தெடுத்தவள் எதுவும் பேசவில்லை.

"கேக்குதா? லைன்ல இருக்கியா?"

"இருக்கேங்க" என்றாள். குரல் உடைந்திருந்தது. "எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு."

அது எனக்குத் தெரியாது. அவள் அழுது முடிக்கும்வரை நான் போனை வைக்கவில்லை.