தூக்கிக்கொண்டு போகக்கூடிய வீடு

நான் வேலை செய்யும் இடத்தில் கோப்பி எடுக்கப் போனால், சில நாட்களில் ஒரு வீடு கடந்து போகும்வரை கோப்பையோடு காத்து நிற்க வேண்டும். கதை விடுகிறேன் என்று நினைக்காதீர்கள். கனடாவின் சமவெளியில், விமானத்தையே நிறுத்தக்கூடிய பெரிய தொழிற்சாலை அது. தரையில் பதித்த தண்டவாளத்தில் வீடுகள் மெல்ல நகர்ந்து வரும். ஓரிடத்தில் சுவர் நிறுத்துவார்கள், அடுத்த இடத்தில் மின்கம்பி இழுப்பார்கள், அதற்கடுத்த இடத்தில் குளியலறைக் கண்ணாடிகூட மாட்டிவிடுவார்கள். வெளியே பனி கொட்டினாலும் உள்ளே வேலை நிற்காது. முடிந்ததும் லொறியில் ஏற்றி, எங்கோ ஓர் ஊரில் இறக்கிப் பூட்டினால் தீர்ந்தது. மொடியூலர் வீடு என்று பெயர். இதைப் படிக்கத்தான் பல்கலைக்கழகத்துக்கு வந்தேன். இப்போது வாரத்தில் பாதி பல்கலைக்கழகத்துக்கு, மீதி தொழிற்சாலைக்கு. தொழிற்சாலைக்கு ஆராய்ச்சி வேண்டும், ஆராய்ச்சிக்குத் தொழிற்சாலை வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தூது போய் இரண்டு பக்கமும் திட்டு வாங்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

காலையில் முதல் வேலை 'ஹடில்'. எல்லோரும் ஒரு வெள்ளைப் பலகையின் முன்னால் வட்டமாக நின்று அன்றைய வேலையைப் பேச வேண்டும். முதல் நாள் அதில் போய் நின்றபோது என்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டேன். இலங்கை மலையகத்தில், நோர்வூட்டுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்தில், விடிந்தும் விடியாத நேரத்தில் பெரட்டுக் களத்தில் ஆட்களை நிறுத்தி வேலை பிரிப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அங்கே மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு பேசுவார், அம்மாவும் மற்றவர்களும் கேட்பார்கள். அவ்வளவுதான் கூட்டம். இங்கேயோ நேற்று வேலைக்குச் சேர்ந்தவன்கூட, ஏதோ பிழை என்று பட்டால் தலைக்கு மேலே தொங்கும் கயிற்றை இழுத்து முழு வேலையையும் நிறுத்தலாம். நிறுத்தினால் கைதட்டுகிறார்கள்! தொழிற்சாலையை நடத்தும் கெவின் நல்ல மனிதர். "பிழையைப் பார்த்தும் பேசாமல் இருப்பதுதான் குற்றம்" என்று அடிக்கடி சொல்வார். எனக்கோ இன்றைக்கும் அந்தக் கயிற்றின் பக்கம் கை போனால் முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலிருக்கும்.

இந்த நல்ல மனிதரைத்தான் எங்கள் தோட்டத்தோடு கோர்த்துவிட்டேன். காரணம் என் அக்கா புஷ்பம். அவளும் மச்சான் செல்வராசுவும் மகளோடு இருந்த தொழிலாளர் வரிசை வீடான லயத்துக்குப் பின்னால், ஒரு பெருமழையில் மலை வெடித்துக் கோடு விழுந்தது. அதிகாரிகள் வந்தார்கள், பார்த்தார்கள், மண் சரியும், மழை நாளில் இங்கே படுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எங்கே படுப்பது என்று சொல்லவில்லை. அன்று முதல் வானம் கறுத்தாலே அக்கா பாயைச் சுருட்டிக்கொண்டு பிள்ளைக் காம்பராவுக்கு ஓடுவாள். கொழுந்து பறிக்கும் தாய்மார் பகலில் குழந்தைகளை விட்டுப்போகும் அந்த ஒற்றை அறையில், மழை விடும்வரை முழு லயமும் கிடக்கும். எங்கள் மலையில் மழை எப்போது விடும்? காத்திருப்புதான் பெரிய விரயம், அதை ஒழிப்பதே 'லீன்' உற்பத்தி முறையின் முதல் பாடம் என்று நான் இங்கே மாணவர்களுக்கு வகுப்பெடுக்கிறேன். கேட்டால் அக்கா சிரிப்பாள்.

கெவினின் ஆட்கள், ஈரமான மலைநாட்டில் தங்கள் வீடு தாங்குமா என்று சோதிக்க ஓரிடம் தேடிக்கொண்டிருந்தார்கள். கெஞ்சி, சண்டை பிடித்து, எங்கள் தோட்டத்தின் பெயரை உள்ளே நுழைத்தேன். ஒரே ஒரு வீடு. கொழும்புப் பக்கத்தில் ஒரு பட்டறையில், எங்கள் பாதையின் வளைவுகளில் சின்ன லொறி திரும்பும் அளவுக்குத் துண்டுகளாகச் செய்து, மேலே கொண்டுபோய்ப் பூட்டுவது. அது அக்காவுக்கு. ஒரு வருடம் அவர்கள் வாழ்ந்த பிறகு வீட்டைக் கழற்றி, ஈரம் எங்கே ஏறியது, எது உக்கியது என்று பார்த்துவிட்டு வேறோர் இடத்தில் மறுபடி பூட்டுவது. முதல் வீட்டைக் கழற்ற முடிந்தால் மற்றக் குடும்பங்களுக்கும் வீடு வரும். முடியாவிட்டால் திட்டம் அதோடு சரி. தோட்டத்தை நடத்தும் துரையும் இடம் தந்தார். ஏன் தந்தார்? "பெர்மனன்ட் கட்டடம் இல்லையே, எடுத்துவிடலாம்தானே" என்றார். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. முதலில் வீடு வரட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விழுங்கிக்கொண்டேன்.

விடுமுறையில் போய், பிள்ளைக் காம்பராவில் கூட்டம் வைத்தேன். மடிக்கணினித் திரையில் கெவின். அவர் தொழிற்சாலையில் வாடிக்கையாளரின் குரலைக் கேட்காமல் ஓர் ஆணிகூட அடிக்கமாட்டார்கள். உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று அவர் கேட்க, நான் தமிழில் சொன்னேன். பெண்கள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டார்கள். ஆண்கள் கூரையைப் பார்த்தார்கள். கடைசியில் அக்காதான் வாய் திறந்தாள்.

"அத்திவாரம் எங்கன போடுவீங்க?"

கெவினுக்கு முகமெல்லாம் வெளிச்சம். இதற்குத்தான் காத்திருந்தார். அத்திவாரமே கிடையாது, இரும்புக் கால்களின் மேல் உட்காரும், நாலு மூலையிலும் போல்ட், எப்போது வேண்டுமானாலும் தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். அவர் ஊரில் அது பெருமை. வீட்டை லொறியில் ஏற்றிக்கொண்டு ஏரிக்கரைக்குக் குடிபோகிறவர்கள் உண்டு. நானும் மடையன்போல அப்படியே சொன்னேன்.

"யாரு தூக்குறது?" என்றாள் அக்கா.

"யார் வேண்டுமானாலும்!" என்றார் கெவின். "ஒரு கிரேனும் அரை நாளும் போதும்."

அக்கா மச்சானைப் பார்த்தாள். மச்சான் என்னைப் பார்த்தார். பின்னால் யாரோ "சரிங்க" என்றார்கள். பிறகு எல்லோருமே "சரிங்க, சரிங்க" என்றார்கள். கெவின் தன் பலகையில் பச்சைத் தாள் ஒட்டினார், ஆட்சேபனை இல்லை என்று. அந்த 'சரிங்க'வை அவருக்கு எப்படி விளக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பெரட்டில் சொல்கிற சரிங்க அது. இழுக்கக் கயிறு இல்லாத இடத்தில் மனுசர் வேறு என்ன சொல்வார்கள்?

வீடு வந்தது, பூட்டினார்கள், பால் காய்ச்சினார்கள். கொஞ்ச நாளில் அக்காவின் அழைப்பு. பின்னால் தகரத்தில் கல்லெறிவது போல மழைச் சத்தம்.

"மழ ஊத்துது தம்பி. நாங்க எங்கயும் போவல. வீட்டுலயேதான் இருக்கோம்."

போனை வைத்துவிட்டு, தொழிற்சாலையின் நடுவில் நின்று அழுதேன். ஒருத்தர் வந்து தண்ணீர் கொடுத்தார்.

அந்தச் சந்தோஷத்துக்கு ஆயுசு குறைவு. ஆராய்ச்சிக்காக மாதாமாதம் வீட்டைப் படமெடுத்து அனுப்பச் சொல்லியிருந்தோம். ஒரு மாதம் வந்த படத்தில் வீட்டைச் சுற்றிக் கருங்கல் கட்டு. முன்னால் உட்கார ஓர் இஸ்தோப்பு, சிவப்புச் சீமெந்து பூசி. "தோட்ட அலங்காரமா? அழகாக இருக்கிறது" என்றார் கெவின். பிறகு படத்தைப் பெரிதாக்கி, வீட்டின் அடிப்பக்கத்தைத் தேடினார். இரும்புக் கால்களைக் காணவில்லை. போல்ட்டுகளைக் காணவில்லை.

அக்காவை அழைத்துக் கத்தினேன். என்ன மனுசர் நீங்கள், ஊரைக் கூட்டிச் சொன்னேனே, தலையாட்டினீர்களே! போனை மச்சான் வாங்கினார். "அடியில காத்து வருது மாப்ள, குளிரு தாங்கல. நாயி வேற உள்ள போயி படுத்துக்குது" என்றார். நாயாம்! வருடக்கணக்கான உழைப்பை ஒரு நாயின் தலையில் கட்டுகிறார் மனுசர். கெவினோ கத்தவேயில்லை. அதுதான் இன்னும் எரிச்சல். "ஏன் கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்லவில்லை? கேட்டோமே" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். கடைசியில், நேரில் போய்ப் பார், ஒரே ஒரு மூலை திறந்திருந்தாலும் போதும், அங்கிருந்து மற்ற மூன்றையும் உடைத்து எடுத்துவிடலாம், அந்த மூலையைப் படமெடுத்து அனுப்பு என்றார்.

போனேன். வழி நெடுக அவர்களைத் திட்டிக்கொண்டே போனேன். ஹட்டனில் பஸ் மாறும்போது ஒரு பிளேன்டீ குடித்தேன், அதுகூட இனிக்கவில்லை. மச்சான் வாசலில் நின்றார். சும்மா சொல்லக்கூடாது, கல் கட்டு அச்சடித்தது போல இருந்தது. வீட்டைச் சுற்றி வந்தேன். மூன்று மூலைகள் கெட்டியாக மூடிக் கிடந்தன. ஈசானிய மூலை மட்டும் திறந்திருந்தது. உள்ளே என் போல்ட் பளபளவென்று இருந்தது. அந்த இணைப்பை வரைந்தவன் நான். ஒரே திருகில் வீட்டை விடுவிக்கும் இணைப்பு அது. நிம்மதியாக மூச்சு விட்டு போனை எடுத்தேன்.

"நல்ல வேள மச்சான், இத விட்டு வச்சீங்க."

"ஒனக்குத்தான் வச்சது" என்றார். பக்கத்தில் கொத்திய கல் ஒன்றும், ஒரு தாச்சியில் குழைத்த சீமெந்தும் இருந்தன. அக்கா மஞ்சள் தண்ணீரோடு வந்தாள்.

"தாய்மாமன் கல்லு வைக்காம இந்த மூலைய மூடக்கூடாதுன்னு நாந்தான் சொன்னேன். எம் புள்ளைக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

எனக்குச் சினம் தலைக்கேறியது. "இத மூடுனா அடுத்த வீடு வராது, வெளங்குதா? லயத்துல இருக்கிற மத்தவங்களுக்கு என்னா சொல்லுவீங்க?"

"அவங்கதான் கல்லு சொமந்தாங்க" என்றார் மச்சான். "அவங்களுக்கும் தெரியும். தூக்குற வீடு வந்தா என்னா, வராட்டி என்னா? நம்மள எந்த எடத்துலயும் ஊனவிடல மாப்ள. நட்டதெல்லாம் தேயில மட்டுந்தான். அரை நாள்ல தூக்கலாம்னு அந்த வெள்ளக்காரரு சொன்னாரு பாரு, அன்னைக்கே நான் கல்லு பாக்க ஆரம்பிச்சிட்டேன்."

"அத அங்கயே சொல்லியிருக்கலாமில்ல?"

"யாருகிட்ட? தொரைகிட்டயா?"

அக்கா மலைப்பக்கம் பார்த்தாள். திம்புள்ளப் பக்கமிருந்து மேகம் ஏறிக்கொண்டிருந்தது. முன்பென்றால் இந்நேரம் பாயைச் சுருட்டியிருப்பாள். இப்போது இஸ்தோப்பில் காய்ந்த துணியை மட்டும் உள்ளே எடுத்துப் போட்டாள். அதைப் பார்த்த பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன். கல்லைத் தூக்கினேன், எதிர்பார்த்ததைவிடக் கனம். மூலையில் இறக்கி, வெறுங்கையாலேயே சீமெந்தை அள்ளி இடுக்கெல்லாம் திணித்தேன். கரண்டி இருக்கிறதே என்றார் மச்சான். எனக்குக் காதில் விழவில்லை.

நாலு மூலையும் மூடியாயிற்று, இந்த வீட்டைத் தூக்க முடியாது என்று கெவினுக்கு எழுதினேன். கடைசி மூலையை மூடியது யார் என்று கேட்டு எழுதினார். நான் என்று பதில் போட்டேன். அதன் பிறகு அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

திரும்பி வந்து இறங்கியபோது, விமான நிலைய இயந்திரம் என் விரல் ரேகையைக் கேட்டது. வைத்தேன். எடுக்கவில்லை. துடைத்துவிட்டு வைத்தேன், எடுக்கவில்லை. சீமெந்து தின்று விரல் நுனியெல்லாம் தோல் உரிந்து வழுவழுவென்று கிடந்தது. பக்கத்தில் நின்ற குடிவரவு அதிகாரிப் பெண் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"வீடு கட்டுகிறேன்" என்றேன்.

"எங்கே?"

எனக்குப் பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் நகக்கண்ணில் ஒட்டியிருந்த சீமெந்தைச் சுரண்டிக்கொண்டு நின்றேன்.