திருப்பி அனுப்பாத அட்டைகள்

என் வணிகவியல் சான்றிதழில் ஆறாவது பாடமாக ‘விழா ஏற்பாடு’ என்று அச்சாகியிருக்கிறது. பக்கத்திலேயே ‘தேர்ச்சி’ என்றும் போட்டிருக்கிறது. அந்த ஒரு வார்த்தையைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரிகிறது.

மலாய் நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. பண்டார் ஹிலிரில் ஒரு கடைக்கு மேல்மாடியில் எங்கள் வணிகப் பள்ளி நடந்தது. தட்டச்சு, சுருக்கெழுத்து, கணக்கியல், அலுவலக நடைமுறை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். எங்கள் ஊரான காஜா பெராங்கிலிருந்து சைக்கிளில் போய் வருவேன். எங்கள் வீட்டு வரிசையில் சைக்கிள் ஏறிப் படிக்கப் போன முதல் பெண் நான்தான். அதற்கே அப்பாவிடம் எத்தனை நாள் மல்லுக்கு நின்றேன் என்று எனக்குத்தான் தெரியும். கடைசியில் அவர் ஒரு நிபந்தனை போட்டார். ஒரே வருஷம். எல்லாப் பாடத்திலும் தேறினால் வேலைக்குப் போகலாம். ஒன்றில் தவறினாலும் தை மாதம் தம்பின் என்ற ஊரில் இருக்கும் அத்தை மகனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். அந்த அத்தை மகனைப் பற்றி நான் எதுவும் சொல்லப் போவதில்லை. அவர் பாவம், அவருக்கும் என்னைப் பிடிக்காது.

விழா ஏற்பாட்டுக்கு எழுத்துத் தேர்வு கிடையாது. வகுப்பு முழுவதும் சேர்ந்து நிஜமாகவே ஒரு விழா நடத்த வேண்டும், அதற்குத்தான் மதிப்பெண். நாடு புதிதாகப் பிறந்திருக்கிறது, ஒரு வட்டாரத்து மக்களை எல்லாம் அழைத்துத் தேநீர் விருந்து கொடுப்போம் என்றார் எங்கள் வாத்தியார். வட்டாரம் காஜா பெராங். ஊர்க்காரி என்பதால் விழாக் குழுவுக்கு நான் செயலாளர். தலைவர், பஜாரில் துணிக்கடை வைத்திருந்தவரின் மகன், என் வகுப்புதான்.

வாத்தியார் தமிழர்தான். ஆனால் வகுப்புக்குள் யாராவது தமிழில் வாய் திறந்தால் முகம் சுளிப்பார். அவர் கையில் இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு தடித்த புத்தகம் எப்போதும் இருக்கும். விருந்தாளிகள் குடையை எங்கே வைப்பது, தொப்பியை எங்கே மாட்டுவது என்று அதில் பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. விருந்தாளி நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரி இல்லை.

அந்தப் புத்தகத்தின்படி அழைப்பிதழோடு இன்னொரு குட்டி அட்டையும் வைத்தோம். அதில் பள்ளி முகவரியை அடித்து, தபால்தலையும் நாங்களே ஒட்டியிருந்தோம். வருகிறவர்கள் பெயரை எழுதித் தபாலில் திருப்பி அனுப்ப வேண்டும். எத்தனை அட்டை திரும்புகிறதோ அத்தனை பேருக்குச் சாப்பாடு. கேட்க அழகாகத்தான் இருந்தது.

குழுக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னேன். சார், எங்கள் சனங்கள் வருவதாக எழுதிப் போட மாட்டார்கள். வர முடியாதவர்கள்தான் சொல்லி அனுப்புவார்கள். சாப்பிட வருகிறேன் என்று கையெழுத்துப் போடுவது அவர்களுக்குக் கூச்சம். அட்டை வராவிட்டாலும் எல்லா வீட்டுக்கும் சேர்த்துச் சமைக்க வேண்டும், இல்லையென்றால் மானம் போய்விடும். இதைத்தான் சொன்னேன். வாத்தியார் சிரித்தார். சுதந்திர நாட்டுக் குடிமக்கள் இனி ஒழுங்கைக் கற்றுக்கொள்ள வேண்டாமா என்று கேட்டார். தலைவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். படி இறங்கும்போது அவரே என்னிடம் வந்து, “நீ சொன்னதுதான் சரி லா, எங்க வீட்டுலயும் அப்படித்தான்” என்றார். அடப்பாவி, அதை மேலே சொல்வதற்கு வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது?

ஆனால் நான் சும்மா விடவில்லை. செயலாளர் என்ற முறையில் கூட்டக் குறிப்பு எழுதுவது என் வேலை. என் ஆட்சேபத்தை இரண்டு வரியில் தெளிவாகத் தட்டச்சு செய்தேன். வாத்தியாரும் படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்.

அட்டைகள் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தன. எங்கள் வீட்டு அட்டையை அம்மா முருகன் படச் சட்டத்தில் செருகி வைத்துவிட்டாள். தபாலில் போடச் சொன்னேன்.

“வரேன்னு யாராச்சும் எழுதிப் போடுவாங்களா பாப்பா? பசிக்குதுன்னு எழுதிக் கேக்குற மாதிரி இருக்காது?” என்றாள்.

பிறகு வீடு வீடாகப் போனேன். எல்லாரும் ஒரே பதில்தான் சொன்னார்கள், வந்துவிடுகிறோம், நீ போய் வேலையைப் பார் என்று. பக்கத்தில் இருந்த செட்டி கம்போங் என்ற குடியிருப்பில் அம்மாவின் சிநேகிதி ஒருவர் இருந்தார். தமிழ் வராது, மலாய்தான் பேசுவார். அட்டை மிகவும் அழகாக இருக்கிறது என்று மேசை விரிப்பின் கீழ் பத்திரப்படுத்தியிருந்தார். நான் வாய்மொழியாகக் கிடைத்த சம்மதங்களை எல்லாம் நோட்டில் பெயர் பெயராக எழுதி வாத்தியாரிடம் நீட்டினேன். வாய்ப்பேச்சு ஆவணம் ஆகாது என்று நோட்டை மூடிக் கொடுத்துவிட்டார். தபாலில் வந்த அட்டைகளின்படி இருபத்தாறு பேருக்குக் கேக்கும் சான்ட்விச்சும் சொல்லியாயிற்று.

விருந்தன்று சாயங்காலம் மண்டபத்து வாசலில் ஒரு மேசை போட்டு வாத்தியார் உட்கார்ந்திருந்தார். நான் பெயர்ப் பட்டியலோடு பக்கத்தில் நின்றேன். தபாலில் பதில் போட்ட குமாஸ்தாக்களும் ஆசிரியர்களும் நான்கு மணிக்கு வந்து உட்கார்ந்தார்கள். நாலேகாலுக்கு எங்கள் வரிசை மொத்தமும் வந்தது. பட்டுச் சேலை, தலைநிறையப் பூ, பிள்ளைகள் கையில் காகிதக் கொடி. ஒவ்வொருவர் கையிலும் அந்தக் குட்டி அட்டை! தபாலில் போட வேண்டியதை நுழைவுச்சீட்டு என்று நினைத்து, மடங்காமல், அழுக்குப்படாமல் கொண்டு வந்திருந்தார்கள். படக்கொட்டகை வாசலில் நீட்டுவது போல ஒவ்வொருவராக நீட்டினார்கள்.

வாத்தியார் ஒரு அட்டையையும் கையில் வாங்கவில்லை. பட்டியலில் இருக்கிறதா என்று என்னைக் கேட்டார். நான் பார்த்து இல்லை என்று சொல்ல வேண்டும். சொன்னேன். அடுத்த வீட்டுக்காரருக்கு, எதிர்வீட்டு அக்காவுக்கு, பிள்ளை தூக்கி வந்தவளுக்கு, எல்லாருக்கும் இல்லை, இல்லை என்றேன். உள்ளே பாதி நாற்காலி காலியாக இருந்தது. அதையும் எல்லாரும் பார்த்தார்கள்.

ஏழாவதோ எட்டாவதோ, அம்மா வந்தாள். கூடவே செட்டி கம்போங் சிநேகிதி, கெபாயாச் சட்டையில் தங்க ஊசி குத்தி, ஒரு தட்டு குவே பலகாரம் செய்து துணி மூடி எடுத்து வந்திருந்தார். விருந்துக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று யாரும் சொல்லித்தராமலே அவருக்குத் தெரிந்திருந்தது. அம்மா அட்டையை மேசைமேல் வைத்துவிட்டு என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். வாத்தியார் பட்டியலைக் கேட்டார். இவர் என் அம்மா என்று அப்போது நான் சொல்லியிருக்க வேண்டும். பட்டியலைக் கிழித்து அவர் மூஞ்சியில் எறிந்திருக்க வேண்டும். நான் பட்டியலைப் பார்த்தேன். இல்லை என்றேன்.

“சரி, நீ வேலைய பாரு” என்று சொல்லிவிட்டு அம்மா சிநேகிதியின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள். அட்டையை மறக்காமல் எடுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது அவள் என்னைத் திட்டவில்லை. சேலையை மடித்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டாள்.

“இப்படி ஆகும்னு அவருகிட்ட முன்னாடியே சொன்னியா?”

“சொன்னேன்மா. எழுதியே வச்சிருக்கேன். அவரு கையெழுத்தும் இருக்கு.”

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எழுதி வைத்தது என்றால் அவளுக்குக் கல்லில் வெட்டியது மாதிரி. முகம் தெளிந்துவிட்டது. மறுநாள் காலையிலேயே வரிசை முழுவதும் போய்ச் சொல்லிவிட்டாள், தன் மகள் மேல் தப்பில்லை, அவள் எழுதியே வைத்திருக்கிறாள் என்று. எதிர்வீட்டு அக்கா அதன் பிறகுதான் என்னிடம் பேசினார்.

அடுத்த வாரம் வாத்தியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நடந்ததை யாரோ மேலிடத்துக்கு எழுதிவிட்டார்கள், குறிப்பேடு பரிசீலனைக்குப் போகிறது. அன்றுதான் அவர் அந்தப் பக்கத்தையே படித்திருக்கிறார். முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினார்.

“இந்த ரெண்டு வரிய எடுத்துட்டு மறுபடி அடிச்சிக் கொண்டு வா. இல்லேன்னா இந்தப் பாடத்துல உனக்கு மார்க் இல்லை.”

கார்பன் பிரதியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். எவ்வளவு துணிச்சல்! ஒரு ஊரையே வாசலில் நிற்க வைத்து அனுப்பிய மனிதர், அதற்கு இருந்த ஒரே சாட்சியை என் கையாலேயே அழிக்கச் சொன்னார். பக்கத்தில் தலைவர் நின்றிருந்தார். அவர் வழக்கம்போல மேசையைப் பார்த்தார்.

தம்பின் கண்முன் வந்தது. தை மாதமும் வந்தது. நான் தட்டச்சு இயந்திரத்தின் முன் போய் உட்கார்ந்து, புதுத் தாளைச் சுருட்டி ஏற்றினேன். அந்த இரண்டு வரி இருந்த இடத்தில் ‘உறுப்பினர்கள் ஒருமனதாக ஏற்றுக்கொண்டனர்’ என்று அடித்தேன். ஓர் எழுத்துப் பிழை இல்லை. அவர் கையெழுத்துப் போட்டார். நான் தேர்ச்சி பெற்றேன், வேலைக்குப் போனேன், தம்பினுக்குப் போகவில்லை.

வாத்தியார் மேல் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். ஆனால் அம்மா அதன் பிறகு முப்பது வருஷம் இருந்தாள். யார் வீட்டில் விசேஷம் என்றாலும், அந்தத் தேநீர் விருந்துப் பேச்சு வந்தால் போதும், நிமிர்ந்து உட்காருவாள்.

“எம்பொண்ணு அப்பவே சொன்னா. எழுதியே வச்சிருக்கா, இன்னைக்கும் இருக்கும், போய்ப் பாருங்க” என்பாள்.

நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். ஆமாம் என்று தலையாட்டுவேன்.