தகரத்தில் காய்ந்த உளுந்து

என் அக்காவுக்குக் கோபமே வராது என்பார்கள். அவளுக்கும் சேர்த்து எனக்கு வருகிறது. அந்த உளுந்து விஷயத்தை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

அக்கா விவசாயிகள் சங்கத்து விதை அறையில் சலிப்பாள், புடைப்பாள், சாக்குத் தைப்பாள். 'ஊறப்போடு' என்பதுதான் அங்கே அவளுக்குப் பெயர். பாதி விதை முளைக்கவில்லை என்று யார் வந்து புலம்பினாலும் அதைத்தான் சொல்வாள். முருங்கை இலைச் சாற்றில் ஊறப்போடு, முளை எட்டிப் பார்க்கும் முன்னே எடுத்துவிடு, நிழலில் உலர்த்து, பிறகு விதை. கேட்டுவிட்டுச் சிரிப்பார்கள். கடைசியில் சங்கத் தலைவி ஒருவழியாக மனமிறங்கினாள்.

"உன் நிலத்துல செஞ்சு காட்டு. நல்லா முளைச்சா விதை அறையை உன் பொறுப்புல விடுறேன்."

அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. இலை பறித்து, அரைத்து, வடிகட்டி, உளுந்தை ஊறவைத்தாள். கொட்டகைக்குள் பாயில் பரப்பிவிட்டு வேலைக்குக் கிளம்பும்போது தன் வீட்டுக்காரரான மாமாவிடம் படித்துப் படித்துச் சொன்னாள். "வெயில் படவே கூடாதுங்க."

மாமாவுக்கு வேறு அவசரம். வாடகைக்கு எடுத்த விதைப்புக் கருவியைச் சாயங்காலத்துக்குள் திருப்பித் தரவேண்டும். ஈர விதை அதன் குழாயில் ஒட்டும். என்ன செய்தார் தெரியுமா? அத்தனையையும் அள்ளிக்கொண்டு போய், கொதிக்கிற தகரக் கூரைமேல் கொட்டினார். மதியத்துக்குள் கலகலவென்று காய்ந்தது. விதைத்தும் முடித்தார். அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

பத்து நாளாகியும் வயல் மொட்டையாகக் கிடந்தது. தலைவி பார்க்க வந்த அன்று மாமா முந்திக்கொண்டார்.

"எல்லாம் இவ இலைத்தண்ணி செஞ்ச வேலைங்க. நான் அப்பவே சொன்னேன்."

அக்கா வயலில் இறங்கினாள். குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறி ஒரு விதையை எடுத்து நசுக்கினாள். முளையே விடாமல் அழுகியிருந்த அது கொழகொழவென்று பிதுங்கியது. நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை எங்க காயவெச்சீங்க?"

"தகரத்து மேலதான். காயணும்னுதானே சொன்னே? வெயில்ல காஞ்சா என்ன, நிழல்ல காஞ்சா என்ன?"

"தண்ணி குடிச்சு உயிர் முழிச்ச விதைங்க அது. அதைப் போய் வறுத்துட்டீங்களே!"

எனக்கு அந்த ஆளை அந்த மண்ணிலேயே புதைக்கலாம் போலிருந்தது. தலைவியாவது நாலு வார்த்தை கேட்பாள் என்று பார்த்தேன். அவள் அக்கா பக்கம் திரும்பினாள்.

"வீட்டுக்காரரையே உன்னால கேக்கவைக்க முடியலை. மத்தவங்க எப்படிம்மா கேப்பாங்க?"

செய்தவரை விட்டுவிட்டுச் சொன்னவளைப் பிடிக்கிற நியாயத்தைப் பாருங்கள். நான் கத்த வாயெடுத்தேன். அதற்குள் அக்கா எழுந்துவிட்டாள்.

"யாரையும் கேக்கவைக்கிறது என் வேலை இல்லைங்க. அந்த விதை அறை என் கையில இருந்திருந்தா உள்ள வெச்சுப் பூட்டியிருப்பேன். சாவியைக் குடுங்க, இன்னொரு தடவை செஞ்சு காட்டுறேன்."

தலைவி தானும் ஒரு விதையை எடுத்து நசுக்கிப் பார்த்தாள். கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்து நீட்டினாள்.

"குடுங்க, நான் வெச்சுக்கிறேன். இவ எங்கயாவது தொலைச்சிடுவா" என்று மாமா கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கைமேல் பட்டென்று ஒன்று போட்டாள்.