வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம்

எனக்குக் கோபம் மூக்கு மேல வரும். வீட்ல எல்லாருக்கும் இது தெரிஞ்ச விஷயம். செங்கல்பட்டு தாண்டி இருக்கிற அந்தக் கிராமத்துக்கு முதல் நாளே தெரிஞ்சு போச்சு.

கணக்குல பட்டம், பி.எட்., தகுதித் தேர்வுன்னு எல்லாத்தையும் முடிச்சுட்டு, நிரந்தர வேலைக்காக மாடம்பாக்கத்து வீட்ல காத்துக்கிட்டு இருந்தேன். அந்த ஊர் அரசுப் பள்ளிக்கூடத்துல கணக்குக்கு ஆளே இல்ல, தற்காலிகமா எடுக்கிறாங்கன்னு கேள்விப்பட்டுப் போனேன். பெற்றோர் கமிட்டி முன்னாடி பாடம் நடத்திக் காட்டணுமாம். பிள்ளைங்க பெஞ்சுல அம்மாக்கள் உட்கார்ந்திருந்தாங்க, பாதிப் பேர் நேரா வயல்ல இருந்து வந்தவங்க. கலர் அட்டை வெட்டிக்கிட்டுப் போய் வட்டத்தோட பரப்பளவைப் பிரமாதமா நடத்தினேன். நானே சொல்லிக்கறேன், பரவாயில்ல.

முடிச்சதும் கமிட்டித் தலைவி எழுந்தாங்க. முந்தானையை இடுப்புல செருகின, என்னை விட மூத்த ஒரு அக்கா. "அதெல்லாம் சரி டீச்சர். நீ எத்தினி மாசம் இருப்பே?"

எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. "ஏன், ஓடிப் போயிடுவேன்னு பார்க்கிறீங்களா?"

"போனாங்களே. தாம்பரத்துலேர்ந்து வந்த டீச்சர் போன பொங்கலுக்கு ஊருக்குப் போனவங்கதான். எம் பொண்ணு இப்ப பத்தாவது. பரீட்சை வருது, கணக்கு சொல்லித் தர ஆளு இல்ல."

"நிரந்தரமா ஒருத்தர் வர்ற வரைக்கும் நான் நகர மாட்டேன், போதுமா?" வீறாப்பா சொல்லிட்டேன். சொன்னப்புறம்தான் கடைசி பஸ் எத்தனை மணிக்குன்னு விசாரிச்சேன்.

முதல் வாரம் பத்தாம் வகுப்புக்கு ஒரு கணக்குக் கொடுத்தேன், புத்தகத்துல இருக்கிற எண்ணை மட்டும் மாத்தி. வகுப்பு முழுக்க ஒரே விடை, அத்தனையும் தப்பு. பழைய எண்ணுக்கு கைடுல போட்டிருந்த விடையை அப்படியே எழுதி வச்சிருந்தாங்க. டீச்சர் இல்லாத காலத்துல ஒருத்தர் கைடை வாசிக்க, மத்தவங்க கணக்கையும் செய்யுள் மாதிரி மனப்பாடம் பண்ணியிருக்காங்க! முன்வரிசைப் பொண்ணு ரொம்ப மரியாதையா எழுந்து, "டீச்சர், நீங்க கேள்வியைத் தப்பா எழுதிட்டீங்க"ன்னு சொல்லிச்சு. கத்தணும்னு வாயைத் திறந்தேன், சிரிப்பு வந்துடுச்சு. அந்தப் பிள்ளைங்க மேல எனக்குப் பாசம் வந்தது அந்த நிமிஷம்தான்னு நினைக்கிறேன். மறுநாள் வாய்ப்பாட்டுல இருந்து ஆரம்பிச்சேன்.

சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ் வச்சா பொண்ணுங்க இருட்டுறதுக்குள்ள வீடு போகணுமேன்னு பிரச்சினை. அந்த அக்கா ஒரு ஏற்பாடு பண்ணாங்க. தினமும் ஒரு அம்மா முறை வச்சு வந்து கடைசி பெஞ்சுல உட்காருவாங்க, முடிஞ்சதும் எல்லாப் பொண்ணுங்களையும் கூட்டிக்கிட்டுப் போவாங்க. அப்படியே என்னையும் பஸ் ஏத்தி விடுவாங்க. செங்கல்பட்டுல மின்சார ரயிலைப் பிடிச்சு தாம்பரத்துல இறங்கும்போது என் பையில வேர்க்கடலையோ வெண்டைக்காயோ இருக்கும். வேணாம்னு சண்டை போட்டுப் பார்த்தேன், அதுல மட்டும் நான் ஜெயிச்சதே இல்ல.

அரையாண்டுத் தேர்வு முடிஞ்ச சமயம், நிரந்தர வேலைக்கான தேர்வுப் பட்டியல்ல என் பேர் வந்துச்சு. "ஸ்தோத்திரம் ஆண்டவரே!"ன்னு மாமியார் அழுதுட்டாங்க. கலந்தாய்வுல காலியிடத்தை நாமளே பார்த்து எடுக்கணும். எங்க வீட்ல இருந்து நடந்து போற தூரத்துல ஒரு இடம் காலி. அந்தக் கிராமத்து இடமும் காலி, அதை வேற யாரும் எடுப்பாங்கன்னு தோணல. பக்கத்துல எடுத்தா உடனே சேரணும், அங்க பத்தாம் வகுப்பு பரீட்சை நேரத்துல மறுபடியும் அநாதை. வீட்டுக்காரர் ஒரு வார்த்தை வற்புறுத்தல. அதுக்கும் சேர்த்து அவர் மேலதான் எரிஞ்சு விழுந்தேன். கமிட்டி அக்காகிட்ட உள்ளதைச் சொன்னேன். "நல்லபடியா போயிட்டு வா டீச்சர்"னாங்க, அவ்வளவுதான்.

கலந்தாய்வு அன்னிக்கு திரையில ரெண்டு இடமும் இருந்துச்சு. எனக்கு முந்தின ஆளா, என்னை விடச் சின்னவளா ஒரு டீச்சர் பொண்ணு போச்சு. திரும்பிப் பார்த்தா கிராமத்துப் பேரைக் காணோம்! யாருடி இவள்னு ஒரு கோபம். அடுத்த மூச்சுல, அப்பாடா, பிள்ளைங்களுக்கு டீச்சர் வந்தாச்சு. நான் எந்த இடத்தை எடுத்திருப்பேன்னு இன்னிக்கு வரைக்கும் சத்தியமா தெரியல. பக்கத்து இடத்தை எடுத்துக்கிட்டு அந்தப் பொண்ணைத் தேடி ஓடினேன்.

"ஏம்மா, அந்த ஊருக்கு பஸ்ஸே ஒழுங்கா கிடையாது, தெரியுமா?"

"தெரியும் அக்கா. அடுத்த ஊருதான் எங்களுது. வண்டியில போனா அஞ்சு நிமிஷம். யாராவது முந்திக்கிட்டு எடுத்துடுவாங்களோன்னு காலையிலேர்ந்து பயந்துகினே இருந்தேன்."

நான் தியாகம்னு நினைச்சு மண்டையை உடைச்சுக்கிட்ட இடம் அந்தப் பொண்ணுக்கு வீட்டுக்குப் பக்கம். அவளைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டேன். வராண்டாவிலேயே நின்னு எந்தப் பிள்ளைக்கு எந்தக் கணக்கு வராதுன்னு ஒப்பிச்சேன்.

அப்புறம் கமிட்டி அக்காவுக்குப் போன் பண்ணினேன். "அக்கா, நிரந்தரமா டீச்சர் வந்தாச்சு. பக்கத்து ஊர்ப் பொண்ணு."

"அப்ப நீ?"

"எனக்கு என் வீட்டுக்குப் பக்கத்துல கிடைச்சுடுச்சு."

அந்தப் பக்கம் அக்கா யார்கிட்டயோ என்னமோ சொல்றது கேட்டுச்சு. கோவிச்சுக்கிட்டாங்களோன்னு பதறிட்டேன்.

"நேத்து சாயங்காலம் நாங்க அம்மாங்க எல்லாம் மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தோம்"னாங்க. "எங்க புள்ளைங்கள நெனச்சுக்கினு நீ உன் வூட்டாண்ட கெடைக்கிற எடத்த வுட்டுடக் கூடாதுன்னு வேண்டிக்கினோம்."